வீட்டுச் சிம், றோட்டுச் சிம்

புல்மோட்டை வீதியில் எந்த இடத்தில் இணையம் வரும், எந்த இடத்தில் போகும் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால், என்னைக் கேட்காமல் ஒரு பக்கம் எழுத ஏலாது. புல்மோட்டையில் கனியமணலை ஏற்றித் திருகோணமலைத் துறைமுகத்தில் கொட்டும் டிப்பர் லொறியை இருபது வருடமாக ஓட்டுகிறேன். இத்தனை காலத்தில் நான் தேடிய ஒரே சொத்து இந்த அறிவுதான். நிலாவெளி உப்பளத்தடியில் போனின் மூலையில் மூன்று கோடு எழும்பும். குச்சவெளியில் இரண்டு. அதற்கு அங்கால் ஒன்று. அதுவும் லொறியை நிறுத்தி, என்ஜினை நிறுத்தி, மூச்சையும் கொஞ்சம் நிறுத்தினால். திரியாய்ப் பக்கம் ஒரு பாலைமரம் நிற்கிறது. அதற்குக் கீழே கடலைப் பார்த்து நின்றால் வாட்ஸப் வேலை செய்யும், மரத்தைப் பார்த்து நின்றால் செய்யாது. விளக்கம் கேட்காதீர்கள். அங்கே போனைக் கையில் ஏந்தியபடி வரிசையாகக் கடலைப் பார்த்து நின்ற சாரதிகளை ஏதோ வழிபாடு என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாவட்டத்திலேயே திறமான சிக்னல் சீனன்குடாவில், விமானப்படை முகாம் மதிலோரம். நாலு கோடும் எழும்பி அசையாமல் நிற்கும். பக்கத்திலேயே, இங்கே வாகனம் நிறுத்தக் கூடாது என்ற பலகையும் மூன்று மொழியில் அசையாமல் நிற்கும். ஒருமுறை தெரிந்தே நிறுத்தி, மைத்துனரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன். போனை ஏன் எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் நீட்டினேன் என்று காவலுக்கு நின்றவர்களிடம் விளக்கி முடிப்பதற்குள் மைத்துனர் கேக்கை வெட்டிச் சாப்பிட்டும் விட்டார்.

டேட்டா இன்னொரு கதை. நான் போடும் பக்கேஜில் பாதி, நடுச்சாமத்திலிருந்து விடியும்வரை மட்டும் செல்லும். பகல் முழுக்க ஸ்டியரிங் பிடித்தவன் அந்த நேரத்தில் குறட்டை விடுவான் என்று கம்பனிக்குத் தெரியும். ஆள் நித்திரையான பிறகு இலையைப் போட்டுச் சோறு பரிமாறுகிற மாதிரியான தாராளம் அது.

இந்த வீதிக்கு ஒரு கம்பனியின் சிம் போதாது. என்னிடம் இரண்டு இருந்தன. அவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தேன். வீட்டுச் சிம் என்பது பழைய நம்பர், ஊருக்கெல்லாம் தெரிந்த நம்பர். புல்மோட்டையில் அதற்குக் கோல் வரும், மெசேஜ் வரும். இணையம் மட்டும் வராது. றோட்டுச் சிம் வேறு கம்பனி. புல்மோட்டையில் இணையம் பறக்கும். என் போனில் இரண்டு சிம் போட இடமிருந்தது. ஒன்று மணல் தூசி போய்ச் செத்துவிட்டது. ஆகவே ஒன்றைக் கழற்றித்தான் மற்றதைப் போட வேண்டும். அதற்கென்று சட்டைப் பையில் ஒரு குண்டூசி வைத்திருந்தேன். கழற்றிய சிம்மை வெறும் மாத்திரைத் தாள் ஒன்றுக்குள் சொருகி அதே பைக்குள் போட்டுக்கொள்வேன்.

ஒரு விசயத்தை மட்டும் வாசிப்பவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. சிம்மை மாற்றினாலும் வாட்ஸப் மாறாது. போனுக்குள் றோட்டுச் சிம் கிடந்தாலும், வாட்ஸப்பில் எடுக்கிறவருக்குத் தெரிவது வீட்டு நம்பர்தான். நான் இதை நினைவில் வைத்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டில் எந்தப் படிவம் நிரப்பினாலும், தொலைபேசி இலக்கம் என்ற கட்டத்துக்குள் குடும்பத் தலைவரின் நம்பர்தான் போகும். மனைவியின் கிளினிக் படிவம், அவவின் தங்கச்சியின் கடவுச்சீட்டுப் படிவம், காஸ் சிலிண்டர்க் கடையின் கொப்பி, எல்லாவற்றிலும் என் நம்பர். டிப்பரில் மணலோடு போய்க்கொண்டிருக்கும்போது, “அன்புள்ள தாயே, நாளை காலை உங்கள் இரத்தப் பரிசோதனை” என்று மெசேஜ் வரும். மகளின் ரியூசன் வாத்தியார், பிள்ளை இன்று ஏன் வரவில்லை என்று என்னிடம் விசாரிப்பார். அவள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பதை நான் அவரிடமிருந்து தெரிந்துகொள்வேன்.

மகள் உயர்தரம் முடித்து வீட்டில் இருந்த காலம் அது. ஒரே பிள்ளை. அவளுக்குத் துறைமுக முகாமைத்துவம் படிக்க வேண்டும் என்று ஒரே பிடி. சின்ன வயதிலிருந்து நான் துறைமுக வாசலில் மணிக்கணக்காக லொறி வரிசையில் காய்ந்துவிட்டு வந்து சொல்லும் கதைகளைக் கேட்டு, இந்த வரிசையே தேவையில்லாத வரிசை என்று முடிவுக்கு வந்திருந்தாள். எந்த லொறி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கொப்பியில் கோடு கீறிக் காட்டுவாள். கொழும்பில் ஒரு தனியார் கல்லூரி அந்தப் படிப்பை நடத்தியது. கட்டணத்தைக் கேட்டால் லொறியையே விற்க வேண்டும், லொறியோ என்னுடையது இல்லை. ஆனால் பரீட்சை வைத்து, தேறும் சிலருக்கு முழுக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தார்கள்.

அந்தப் படிவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் வைத்து நிரப்பினாள். அவளிடம் சொந்தமாகச் சிம் இல்லை. வீட்டு ரவுட்டரில் ஓடும் ஒரு பழைய போன்தான். தாயின் நம்பரைப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், என்னுடையதைப் போடு என்றேன். பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டின் நம்பர் கண்ட கண்ட இடத்திலும் கிடக்கக் கூடாது, நாளைக்கு எவனாவது எடுத்தால் நான் கதைப்பேன் என்றும் விளக்கினேன்.

“அப்பா, இது படிக்கிற இடம். கலியாணத் தரகர் இல்லை,” என்றாள்.

“ரெண்டு பேரும் முதல்ல நம்பரைத்தானே கேக்கினம்,” என்றேன்.

மனைவி சிரித்தா. நானும் என் பகிடியை ரசித்தேன். பெண்விடுதலை பற்றி நாலைந்து தடித்த புத்தகங்கள் வாசித்தவன் நான். அவற்றில் ஒன்று அந்த நேரம் லொறியின் முன்கண்ணாடிக்குக் கீழே, அடையாளத்துக்கு டீசல் பில் சொருகியபடி கிடந்தது. மகள் என் நம்பரை எழுதினாள்.

பரீட்சையில் தேறினாள். மின்னஞ்சல் வந்தது: குறிப்பிட்ட நாளில் பகல் பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் அவர்களின் இணையப் பக்கத்துக்குள் போய் இடத்தை உறுதிப்படுத்த வேண்டும். உறுதிப்படுத்தும்போது பதிந்த நம்பருக்கு ஆறு இலக்கம் மெசேஜில் வரும். பத்து நிமிடத்துக்குள் அதை அடிக்க வேண்டும். மூன்று தரம் தவறினால் பக்கம் பூட்டிவிடும், மறுநாள்தான் திறக்கும். நாலு மணிக்குள் உறுதிப்படுத்தாதவரின் இடம் அடுத்தவருக்குப் போகும். ஒரு ஒளிவுமறைவும் இல்லாமல் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். இன்றைக்கும் அவர்கள்மேல் ஒரு குறை சொல்ல எனக்கு வழியில்லை. அதுதான் பெரிய இழப்பு.

அந்த நாளில் லீவு எடுப்பதாக இருந்தேன். துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, ஒரு நடை மட்டும் போட்டுத் தா என்று லொறி முதலாளி விடியக் காலையில் கெஞ்சினார். எங்கள் வீடு சாம்பல்தீவில், புல்மோட்டை வீதியிலிருந்து கூப்பிடு தூரம். போகும்போதும் வரும்போதும் வீட்டு ஒழுங்கையைத் தாண்டித்தான் போக வேண்டும். மகள் படலையடிக்கு வந்து நின்றாள்.

“அப்பா, போனை இண்டைக்கு வச்சிட்டுப் போங்கோவன்.”

முதலாளி கோல் எடுப்பார், மணல் ஏற்றுகிற இடத்திலும் நம்பரைக் கேட்பார்கள் என்றேன்.

“அப்ப சிம்மை மட்டுமாவது கழட்டித் தாங்கோ. உங்களிட்டத்தான் மற்றது இருக்கே.”

நியாயமான யோசனை. ஒரு குண்டூசி வேலை. ஆனால் இருபது வருட அனுபவத்தை ஒரு பிள்ளை சந்தேகப்படுவதாக எனக்குப் பட்டது. எந்த மரத்துக்குக் கீழே எத்தனை கோடு என்று எனக்குத் தெரியாதா, பன்னிரண்டு மணிக்கு உனக்கு முதல் நான் ஆயத்தமாக நிற்பேன் என்று சொல்லி லொறியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அவள் படலையடியிலேயே நின்றாள். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்குப் புல்மோட்டையில் எனக்கு முன்னால் ஒன்பது லொறி நின்றன. வெயில் காய்ச்சி எடுத்தது. முதல்நாள் நான் முகநூலில் ஒரு பதிவு போட்டிருந்தேன். நான் அங்கே கொஞ்சம் பகிடியாக எழுதுகிறவன். எழுநூறு சொச்சம் பேர் வாசிப்பதாக எனக்கொரு நம்பிக்கை. எத்தனை பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. குண்டூசியை எடுத்தேன். வீட்டுச் சிம்மைக் கழற்றி மாத்திரைத் தாளுக்குள் வைத்தேன், றோட்டுச் சிம்மைப் போட்டேன். இருபத்துமூன்று பேர். அதில் ஒருவர் நான். அந்த இருபத்திரண்டு பேருக்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதுவதில் ஒரு மணித்தியாலம் போனது. பிறகு வரிசை நகர்ந்தது, லொறியை நகர்த்தினேன், மணல் ஏற்றினார்கள், படங்கு இழுத்துக் கட்டினேன். சிம் பற்றிய நினைப்பு அந்த மணலோடு எங்கோ புதைந்துவிட்டது.

பன்னிரண்டு முப்பதுக்கு, நான் இன்னும் புல்மோட்டையில் நிற்கும்போதே, மகள் வாட்ஸப்பில் எடுத்தாள். பக்கத்துக்குள் போய்விட்டாளாம், ஆறு இலக்கம் அனுப்பியிருப்பதாகக் காட்டுகிறதாம்.

“வந்திட்டுதா அப்பா?”

“இல்லைப் பிள்ளை, ஒண்டும் வரேல்லை.”

“சிக்னல் இருக்கோ?”

“நாலு கோடும் நிக்குது. உன்ர குரல் பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது.”

உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் தரம் அனுப்பச் சொல்லி அமத்தினாள். நான் லொறியை விட்டு இறங்கி, போனை மேலே பிடித்துக்கொண்டு வீதியில் அங்கும் இங்கும் நடந்தேன். கடல் பக்கம் திரும்பினேன். போனை நிறுத்தி மறுபடி போட்டேன். இருபது வருடத்தில் படித்த வித்தையெல்லாவற்றையும் அந்தப் பத்து நிமிடத்தில் காட்டினேன். சட்டைப் பைக்குள் கைவைப்பது மட்டும் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. கடைசித் தரம் அமத்த முதல், கொஞ்சம் பொறுப்போமா என்று மகள் கேட்டாள். பிந்திப்போய் நாலு மணியாகிவிடும், அமத்து என்று சொன்னவன் நான்தான்.

ஒரு மணி தாண்டிச் சில நிமிடத்தில் பக்கம் பூட்டிக்கொண்டது. தாயின் போனில் கல்லூரிக்குக் கோல் எடுத்துப் பார்க்கப் போவதாகச் சொல்லி வாட்ஸப்பை வைத்தாள். அன்றைக்கு அந்த இலக்கத்துக்கு எத்தனை பிள்ளைகள் எடுத்தார்களோ, நாலு மணிவரைக்கும் அது ஓய்வாகவே இல்லை என்று பிறகு சொன்னாள்.

நிலாவெளி உப்பளத்தடியில் வழமை போல லொறியை ஓரம் கட்டினேன். ஊருக்குள் நுழைய முதல் வீட்டுச் சிம்மைப் போடுவது பழக்கம். கை தானாகவே பைக்குள் போனது. விரலில் மாத்திரைத் தாள் தட்டியபோதுதான் விளங்கியது. சிம்மைப் போட்டதும் மூன்று மெசேஜும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மூன்றிலும் ஆறு ஆறு இலக்கம். அவற்றோடு மனைவியின் நம்பரிலிருந்து ஒரு தவறிய கோலின் அறிவித்தலும் வந்தது. அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாலையும் அழித்தேன். அழித்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். உப்பளத்தில் கொக்குகள் நின்றன.

வீட்டு ஒழுங்கையடியில் நிறுத்தாமல் துறைமுகம் போய், மணலைக் கொட்டிவிட்டு, பின்னேரம்தான் வந்தேன். இரண்டு மணித்தியாலம் ஓடியபடியே ஒரு வசனம் செய்திருந்தேன். அதை வீட்டில் சொன்னேன்: கோடு காட்டும், ஆனால் மெசேஜை விடாது, புல்மோட்டைச் சிக்னல் அப்படித்தான், அந்தக் கம்பனிக்காரன் ஒரு கோபுரம் ஒழுங்காகப் போட்டிருந்தால் இப்படி வருமா? மனைவி கம்பனியைத் திட்டித் தீர்த்தா. மகள் எனக்குச் சோறு போட்டாள்.

அந்தப் பொய்யை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. இந்த மாவட்டத்தில் சிக்னலைப் பற்றி எவ்வளவு கெட்டதாகச் சொன்னாலும் ஆட்கள் நம்புவார்கள். அயலவர்கள் வந்து அனுதாபம் சொன்னார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு பதிவு எழுதினேன். கோபுரம் இல்லாத ஊரில் தகப்பனாகப் பிறந்தவனின் துயரம் பற்றி, பகிடியும் கண்ணீரும் சம அளவில் கலந்து. நானூறு பேருக்கு மேல் விருப்பம் போட்டார்கள். என் வாழ்நாளில் அதுதான் உச்சம். லண்டனிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், வாசித்து அழுததாக எழுதியிருந்தார். மகளின் விருப்பம் அதில் இருக்கவில்லை. அவள் முகநூல் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மகள் டவுனில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றோம். அடுத்த வருடத்திலிருந்து கட்டண விலக்கு இல்லை என்று அந்தக் கல்லூரியின் பக்கத்தில் ஒரு நாள் ஒரு வரி போட்டிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டிவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

புல்மோட்டையில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் கடை ஒரு முஸ்லிம் அண்ணனுடையது, எங்களுக்கெல்லாம் அவர் நானா. என் பதிவை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். இதைச் சும்மா விடக் கூடாது, சாரதிகள் எல்லாரும் கையெழுத்து வைத்துக் கம்பனிக்கு ஒரு மனு கொடுப்போம், பாதிக்கப்பட்ட ஆள் நீங்கள், எழுதுவதும் நீங்கள்தான் என்றார். மறுக்க ஒரு காரணம் தேடினேன். உண்மையான காரணம் ஒன்றைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

வேகமாகத் தமிழ் அடிக்கக் கூடியவள் மகள். அவள் வேலையிலிருந்து வந்த பின்னேரம் ஒன்றில், அதே குசினி மேசையில் அவளது போனோடு உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டு வந்தாள். குச்சவெளிக்கு அங்கால் அவசரத்துக்கு அம்புலன்சைக் கூப்பிட முடியாமை, மீனவர்கள் வானிலை பார்க்க முடியாமை எல்லாம் வந்தன. பிறகு நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, சிக்னல் கிடைக்காத காரணத்தால் எனது ஒரே மகளின் உயர்கல்வி வாய்ப்புப் பறிபோனது என்பதைச் சொன்னேன். அவள் விரல் நின்றது.

“இதை நான் அடிக்க மாட்டன் அப்பா.”

வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, பெயர் போடாமல் எழுதலாம் என்றேன்.

“அண்டைக்கு வாட்ஸப்பில கதைச்சு முடிஞ்ச கையோட உங்கட நம்பருக்கு அம்மாவின்ர போனில இருந்து சாதாரணக் கோல் எடுத்தனான். போன் நிப்பாட்டிக் கிடக்கெண்டு சொன்னது. ஒரு நிமிசத்துக்கு முன்னம் நாலு கோடு நிக்குதெண்டு சொன்ன போன்.” அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “சிம் எங்க கிடந்தது?”

“பொக்கட்டுக்குள்ள.”

“மூண்டும் பிறகு வந்ததா?”

“வந்தது.”

மனைவி அடுப்படியில் நின்றா. திரும்பிப் பார்க்கவில்லை. அவவுக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது என்பது அந்த முதுகிலிருந்து எனக்கு விளங்கியது. இவ்வளவு நாளும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று மகளைக் கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி.

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்,” என்றாள்.

பிறகு, நின்ற இடத்திலிருந்து தொடங்கச் சொன்னாள். அம்புலன்சும் மீனவர்களும் உண்மைதானே, அது இருக்கட்டும் என்றாள். நான் சொன்னதில் இருந்த வசனப் பிழைகள் இரண்டையும் திருத்தினாள். அடுத்த நாள் டவுனில் அச்செடுத்து, மடிப்பு விழாமல் ஒரு கோப்புக்குள் வைத்துத் தந்தாள்.

கடையில் நானா மனுவை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். சுற்றிவர ஏழெட்டுச் சாரதிகள். முடித்துவிட்டு முன்பக்கத்தைத் திருப்பி மறுபடி தேடினார்.

“என்ன அண்ணன், மகள்ட விசயத்த விட்டுட்டீங்க? அதுதானே முக்கியம்.”

“அது சிக்னல் பிழை இல்லை நானா,” என்றேன். “சிம்மைக் கழட்டி என்ர பொக்கட்டுக்குள்ள வச்சிருந்தனான். லைக் எண்ணிக்கொண்டு இருந்ததில மறந்துபோனன்.”

ஒரு கணம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். ஒருவர் தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இவ்வளவு பெரிய இழப்பிலும் இந்த மனிசன் பகிடி விடுகிறானே என்று ஒருவர் என் தோளைத் தட்டினார். உண்மையாகத்தான் சொல்கிறேன் என்று இன்னொரு தரம் சொன்னேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதையும் நீங்கள் முகநூலில் போட வேண்டும் என்றார்.

மனு கைமாறியது. லொறியின் மட்காட்டில் வைத்தும் ஒருவர் முதுகில் ஒருவர் வைத்தும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக என்னிடம் வந்தபோது, பாதிக்கப்பட்டவர் என்பதால் முதல் இடத்தை எனக்கென்று வெறுமையாக விட்டிருந்தார்கள்.

கையெழுத்து வைத்தேன்.